என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டமும் ஆடாத கைல் ஹைன்ஸின் ஆட்ட வாழ்க்கையை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: கோட்டையூர் வாசி

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் ஒரு பள்ளித் திடலில் மாலை நேரங்களில் கூடைப்பந்து பழகும் மாணவர்களுக்கு உதவி செய்து வருகிறேன். அவர்கள் கைபேசியில் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்; லெப்ரான் ஜேம்ஸ், ஸ்டீபன் கர்ரி போன்ற சில பெயர்களைத் தாண்டி வேறு யாரைப் பற்றிப் பேசினாலும் அவர்களுக்கு ஆர்வம் எழுவதில்லை. கூடைக்கு அடியில் நின்று ஆட விரும்பும் ஒரு மாணவனை, உயரம் போதாது என்று உடன் ஆடுபவர்கள் ஓயாமல் சொல்லிச் சோர்வடையச் செய்திருந்தார்கள். அவனுக்காகத்தான் கைல் ஹைன்ஸ் என்ற அமெரிக்கரைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். 6 அடி 6 அங்குல உயரத்தில், தம்மைவிட அரையடி உயர்ந்தவர்களுக்கு எதிராகக் கூடைக்கு அடியில் நிற்கும் சென்டராக ஆடி, ஐரோப்பாவின் முதன்மைப் போட்டியான யூரோலீக்கை நான்கு முறை வென்ற அணிகளில் இருந்தவர் என்று சொன்னேன்.

அதற்குள் இன்னொரு மாணவன் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "இவர் என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லையே, அங்கே இடம் கிடைக்காமல்தானே வெளிநாட்டுக்குப் போனார்?" என்று கேட்டான். நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. ஹைன்ஸ் எந்த வழியாக அந்த உயரத்தை அடைந்தார் என்பதையும், வெளிநாட்டில் ஆடும் அமெரிக்கர்களின் பிழைப்பு எப்படி நடக்கிறது என்பதையும், என்.பி.ஏ.வை அளவுகோலாக வைக்காமல் அத்தகைய ஒருவரை மதிப்பிட முடியுமா என்பதையும் விவரம் அறிந்தவர்கள் எழுதினால் மாணவர்களிடம் படித்துக் காட்டுவேன்.


பதில்: கானாடுகாத்தான், இப்போது நூரம்பெர்க்

கோட்டையூர் அண்ணன் அவர்களுக்கு வணக்கம். ஹைன்ஸ் 2010-11 பருவத்தில் ஆடிய பாம்பெர்க் நகரம் நான் வசிக்கும் நூரம்பெர்க்கிலிருந்து ரயிலில் சென்றுவரும் தொலைவில்தான் இருக்கிறது. மக்கள்தொகையில் காரைக்குடியைவிடச் சிறிய ஊர் அது. ஆனால் கூடைப்பந்தின் மீது அந்த ஊருக்கு இருக்கும் பித்து ஜெர்மனி முழுவதும் தெரிந்தது. அவரைப் பற்றி இங்கே இன்றும் மரியாதையுடன் பேசுகிறார்கள் என்பதால் இந்தக் கேள்வியைக் கண்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஹைன்ஸ் 1986-இல் பிறந்தவர். நியூ ஜெர்சியில் வளர்ந்தவர். பெரிய பல்கலைக்கழகங்கள் அவரை அழைக்கவில்லை. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ வளாகத்தில் 2004 முதல் 2008 வரை ஆடினார். நான்கு ஆண்டுகளில் 2000-க்கு மேற்பட்ட புள்ளிகள், 1000-க்கு மேற்பட்ட ரீபவுண்டுகள் (கூடையில் விழாத பந்தைப் பிடிப்பது), 300-க்கு மேற்பட்ட பிளாக்குகள் (எதிராளி எறியும் பந்தைத் தடுப்பது) என்ற மூன்றையும் சேர்த்து எட்டினார். அமெரிக்கக் கல்லூரி ஆட்ட வரலாற்றில் இவை மூன்றையும் ஒருசேர எட்டியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. இருந்தும் என்.பி.ஏ. அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2008 டிராஃப்டில் அவர் பெயரை எந்த அணியும் அழைக்கவில்லை. அன்றைய கணக்கில் 6 அடி 6 அங்குலம் என்பது பக்கவாட்டில் நின்று எறிகிறவர்களின் உயரம். சென்டர் என்றால் ஏழடியை நெருங்க வேண்டும் என்பதே நடைமுறை. முப்பது அணிகள், அணிக்குப் பதினைந்து இடங்கள் என்றால் உலகம் முழுவதற்கும் சேர்த்து 450 இடங்கள்தாம் என்.பி.ஏ.வில் இருந்தன என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள்.

அவர் புறப்பட்டுச் சென்றது ரோமுக்குத் தென்கிழக்கே உள்ள வெரோலி என்ற சிற்றூருக்கு. அங்கே இத்தாலியின் இரண்டாம் நிலை லீக்கில் இரண்டு பருவங்கள் ஆடினார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனெனில் யாரும் பார்க்காத இடத்தில்தான் அவர் தம் ஆட்டத்தை மாற்றிக்கொண்டார். கல்லூரியில் அணியின் புள்ளிகளில் பெரும்பகுதியைத் தாமே எடுத்துப் பழகியவர், இங்கே மற்றவர்களுக்காக ஸ்கிரீன் அமைப்பதையும் (எதிராளியின் வழியை உடலால் மறித்து நிற்பது) தடுப்பாட்டத்தையும் முதல் வேலையாக ஏற்றுக்கொண்டார். பாம்பெர்க் அவரை அழைத்தபோது யூரோலீக்கில் ஆடும் வாய்ப்பு முதன்முறையாகக் கிடைத்தது; அந்தப் பருவத்தில் அணி ஜெர்மன் லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றது, லீக் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது.

பிறகு வந்தது கிரேக்கக் கழகமான ஒலிம்பியாகோஸ். 2011-இல் கிரேக்க நாடு கடன் நெருக்கடியில் மூழ்கியிருந்தது. கழகம் செலவைப் பெரிதும் குறைத்து, விலையுயர்ந்த ஆட்டக்காரர்களை விடுவித்துவிட்டு, ஹைன்ஸ் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டது. 2012 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த இறுதி ஆட்டத்தில் மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ. அணியிடம் மூன்றாம் கால்பகுதியில் 19 புள்ளிகள் பின்தங்கியிருந்த ஒலிம்பியாகோஸ், ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் மிச்சமிருந்தபோது பிரின்டேசிஸ் எறிந்த பந்தால் 62-61 என்று வென்றது. மறு ஆண்டு லண்டனில் ரியல் மாட்ரிட்டை 100-88 என்று வீழ்த்திக் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது.

இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து தன்னை வீழ்த்திய அணியிலிருந்தே சி.எஸ்.கே.ஏ. அவரை 2013-இல் அழைத்துக்கொண்டது. மாஸ்கோவில் ஏழு பருவங்கள் இருந்தார். 2016-இல் பெர்லினில் ஃபெனர்பாசே அணியைக் கூடுதல் நேரத்தில் 101-96 என்றும், 2019-இல் ஸ்பெயினின் விட்டோரியாவில் அனடோலு எஃபெஸ் அணியை 91-83 என்றும் வென்று மேலும் இரண்டு யூரோலீக் பட்டங்கள் வந்தன. 2020-இல், மாஸ்கோவில் முதல் பருவத்தில் தமக்குப் பயிற்சியாளராக இருந்த எட்டோரே மெசினாவின் அழைப்பில் மிலானுக்குச் சென்றார். 1992-க்குப் பிறகு அந்தக் கழகம் முதன்முறையாக யூரோலீக்கின் கடைசி நால்வருள் ஒன்றாக நின்றது. இத்தாலியப் பட்டத்தைத் தொடர்ந்து மூன்று முறை வென்று 2024-இல் ஓய்வு பெற்றார். யூரோலீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது 2016, 2018, 2022 என மூன்று முறை அவருக்குக் கிடைத்தது. கடைசி விருதின்போது அவருக்கு 35 வயது.

பெரும்பாலான பருவங்களில் யூரோலீக்கில் அவருடைய சராசரி பத்துப் புள்ளியைக்கூடத் தொடவில்லை. புள்ளிப் பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு அவர் தெரியவே மாட்டார். ஆனால் எந்த அணி அவரைச் சேர்த்துக்கொண்டதோ அது வென்றது. ஒரு முறை நடந்தால் நல்வாய்ப்பு எனலாம். நான்கு நாடுகளில் வெவ்வேறு பயிற்சியாளர்களின் கீழ் திரும்பத் திரும்ப நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது.


பதில்: தேவகோட்டை தணிக்கையாளர்

மேலே எழுதிய தம்பி ஆட்டத்தைச் சொல்லிவிட்டார். பிழைப்பு எப்படி நடக்கிறது என்ற கேள்விக்கு நான் எழுதுகிறேன்.

நம் ஊர்களில் ஐயாக்கள் காலத்தில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கடையை நடத்தும் மேலாளாகச் சென்றவர்கள் மூன்றாண்டுக் கணக்குக்குச் சம்பளம் பேசிச் சென்றார்கள். அதில் ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்கு வந்தது, தங்குமிடமும் சாப்பாடும் கடையின் பொறுப்பாக இருந்தன, கணக்கு முடிந்து லாபம் கண்டால் மேற்கொண்டு கிடைத்தது, திறமை காட்டியவரை அடுத்த கடைக்காரர் கூடுதல் சம்பளத்துக்கு அழைத்தார். காரைக்குடியில் தொழில் செய்ய முடியாமல்தான் அவர் கப்பல் ஏறினார் என்று இங்கே யாரும் சொன்னதில்லை. தொழில் எங்கே நடந்ததோ அங்கே போனார்கள். ஐரோப்பாவுக்குச் செல்லும் அமெரிக்க ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தைப் படித்தால் அந்தப் பழைய முறியை (ஒப்பந்தச் சீட்டை)ப் படிப்பது போலவே எனக்குத் தோன்றுகிறது, ஒரு வேறுபாட்டைத் தவிர: மேலாள் கொண்டுசென்றது முதலாளியின் பணம், ஆட்டக்காரர் கொண்டுசெல்வது தம் சொந்த முழங்காலையும் கணுக்காலையும்.

ஐரோப்பிய ஒப்பந்தங்களில் சம்பளம் பெரும்பாலும் வரி கழித்த தொகையாகவே பேசப்படுகிறது. வரியைக் கழகம் கட்டுகிறது. வீடும் காரும் விமானச் சீட்டுகளும் அதற்கு மேல். முகவருக்கான தரகு வழக்கமாகப் பத்து விழுக்காடு; அதையும் கழகமே கொடுப்பது மரபு. என்.பி.ஏ.வில் முகவரின் பங்கு அதிகபட்சம் நான்கு விழுக்காடு. அதை ஆட்டக்காரர்தாம் தர வேண்டும். ஆகவே இரண்டு சம்பளங்களையும் தொகையை மட்டும் வைத்து ஒப்பிடுவது கணக்குப் பார்க்கும் முறையாகாது.

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாறும்போது, பழைய கூட்டமைப்பு விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதி அது. பல நாட்டு லீக்குகளில் ஓர் அணி இத்தனை வெளிநாட்டவரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு உண்டு. அதனால் அமெரிக்கருக்கான ஓரிடம் எப்போதும் விலையுயர்ந்தது, எளிதில் பறிபோகக்கூடியதும்கூட. சிலர் குடியுரிமையே மாற்றிக்கொண்டார்கள். பிட்ஸ்பர்க்கில் பிறந்த ஜே.ஆர்.ஹோல்டன் லாட்வியா, பெல்ஜியம், கிரீஸ் என்று ஆடி மாஸ்கோவுக்கு வந்து, ரஷ்யக் குடிமகனாகி, 2007 ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான போட்டியின் இறுதி ஆட்டத்தில், மாட்ரிட்டில் ரஷ்யா ஸ்பெயினை 60-59 என்று வெல்லக் காரணமான வெற்றிப் பந்தை எறிந்தார். அவரும் என்.பி.ஏ.வில் ஆடியதில்லை.

சம்பளம் வராமல் போவது இந்தத் தொழிலில் நெடுங்காலமாக இருந்த நோய். பெயர் பெற்ற கழகங்களிலும் அது நடந்திருக்கிறது. அந்நிய நாட்டு நீதிமன்றத்தில் அந்நிய மொழியில் வழக்காடுவது ஓர் ஆட்டக்காரரால் ஆகிற காரியமா? அதற்காகத்தான் ஃபிபா 2007-இல் ஒரு நடுவர் மன்றத்தை ஜெனீவாவில் நிறுவியது. ஒரே நடுவர், ஆங்கிலத்தில் விசாரணை, எந்த நாட்டுச் சட்டத்தையும் கட்டிப் பிடிக்காமல் நியாயத்தின் அடிப்படையில் தீர்ப்பு. தீர்ப்பின்படி பணம் கொடுக்காத கழகம் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவுசெய்ய முடியாதபடி தடை விதிக்கப்படும். ஒப்பந்தத்தில் அந்த மன்றத்தைக் குறிப்பிடும் ஒரு பத்தி இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்திடுவது பேதைமை.


பதில்: காரைக்குடி பொறியியல் மாணவர்

சீனாவுக்குச் சென்ற ஸ்டீபன் மார்பரியையும் மாணவர்களிடம் சொல்லலாம் என்பது என் எண்ணம். அவர் 1996 டிராஃப்டில் நான்காவதாக எடுக்கப்பட்டவர், லீக்கின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்தில் இரண்டு முறை இடம்பெற்றவர். நியூயார்க்கில் மனக்கசப்போடு முடிந்த காலத்துக்குப் பிறகு 2010-இல் சீனாவின் ஷான்சி அணிக்குச் சென்றார். பெய்ஜிங் டக்ஸ் அணிக்கு 2012, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் சீன லீக் பட்டங்களைப் பெற்றுத் தந்தார். அந்த நகரத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். என்.பி.ஏ.வில் நூறு கோடிக்கணக்கில் சம்பாதித்தும் பட்டம் வெல்லாதவர், தம் வாழ்க்கையின் சிறந்த கூடைப்பந்தைப் பெய்ஜிங்கில் ஆடினார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.


பதில்: பள்ளத்தூர், முன்னாள் மாநில அணி ஆட்டக்காரர்

பெண்களின் ஆட்டத்தைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். என்.பி.ஏ.வில் இடம் கிடைக்காதவர்தாம் வெளிநாடு போவார் என்ற அந்த மாணவனின் எண்ணம் பெண்கள் ஆட்டத்தில் அப்படியே தலைகீழாகும். அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. கோடைக்காலத்தில் மட்டும் நடப்பது. அதன் சம்பளம் நெடுங்காலமாக மிகக் குறைவாக இருந்தது. ஆகவே அந்நாட்டின் தலைசிறந்த வீராங்கனைகளே குளிர்காலத்தில் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் சீனாவுக்கும் சென்று ஆடினார்கள். டயானா டவுராசியின் ரஷ்யக் கழகம், சொந்த நாட்டின் 2015 பருவத்தில் ஆடாமல் ஓய்வெடுத்துக்கொள்ளும்படி கேட்டு, அந்த இழப்பைவிடப் பெரிய தொகையைக் கொடுத்தது, அவரும் ஓய்வெடுத்துக்கொண்டார். உலகின் முதல் வரிசை ஆட்டக்காரருக்கே வெளிநாட்டுச் சம்பளம்தான் முதன்மையானதாக இருந்தது.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் ஓய்வின்றி ஆடிய பிரியானா ஸ்டூவர்ட் 2019 ஏப்ரலில் ஐரோப்பியப் பெண்கள் இறுதி ஆட்டத்தில் குதிகால் தசைநாண் அறுந்து, அடுத்த அமெரிக்கப் பருவம் முழுவதையும் இழந்தார். பிரிட்னி கிரைனர் தம் ரஷ்யக் கழகத்துக்குத் திரும்பும் வழியில் 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதாகி, டிசம்பரில் கைதிப் பரிமாற்றத்தின் மூலம்தான் விடுதலை ஆனார். தணிக்கையாளர் அண்ணன் எழுதியது போல ஒப்பந்தத்தைச் சரியாகப் பார்ப்பது அவசியம்தான். ஆனால் ஒப்பந்தம் காப்பாற்றாத இடங்களும் உண்டு என்பதை இளையவர்களிடம் மறைக்கக் கூடாது. ஹைன்ஸைப் போல நான்கு பட்டங்களுடன் திரும்பியவர் ஒருவர் என்றால், இரண்டு மூன்று பருவங்கள் பெயர் தெரியாத லீக்குகளில் ஆடி, காயத்தோடு ஊர் திரும்பியவர்கள் மிகப் பலர்.


கோட்டையூர் வாசி

எழுதிய அனைவருக்கும் நன்றி. பள்ளத்தூர் ஆச்சி எழுதியதை மாணவிகளுக்குத் தனியாகவே படித்துக் காட்டப் போகிறேன். ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. உயரமானவர்களுக்கு எதிராக ஹைன்ஸ் எதை வைத்து ஈடுகொடுத்தார் என்பதை ஆட்ட நுணுக்கத்தோடு விளக்க முடியுமா? உயரம் குறைந்த அந்த மாணவன் இரண்டு நாளாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.


பதில்: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், காரைக்குடி

தம்பிக்கு, இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

முதலில் விதியைப் பாருங்கள். என்.பி.ஏ.வில் 2001-02 பருவம் முதல், தான் காக்கும் ஆளை நெருங்கி நில்லாமல் தடுப்பாட்டக்காரர் கூடைக்கு முன்னுள்ள கட்டத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஃபிபா விதிகளில் அந்தத் தடை இல்லை. ஆகவே ஐரோப்பாவில் கட்டத்துக்குள் எப்போதும் நெரிசல்தான்; அங்கே நெடுநெடுவென்று உயர்ந்தவரைவிட, எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒரு கணம் முன்னதாக உணர்பவருக்கு மதிப்பு கூடுகிறது. நம் மாவட்ட, மாநில ஆட்டங்களும் ஃபிபா விதிப்படியே நடக்கின்றன: நாற்பது நிமிடம், ஐந்து ஃபவுல், 6.75 மீட்டரில் மூன்று புள்ளிக் கோடு. உங்கள் மாணவர்கள் கைபேசியில் பார்ப்பது ஒரு விதியின் ஆட்டம்; திடலில் ஆடுவது வேறு விதியின் ஆட்டம். அவர்கள் கற்றுக்கொள்ள யூரோலீக்கே நெருக்கமான பாடம் என்று நான் பல காலமாகச் சொல்லி வருகிறேன்.

அடுத்தது ஸ்விட்ச், அதாவது காக்கும் ஆளை மாற்றிக்கொள்வது. எதிரணியின் பெரிய ஆள் ஸ்கிரீன் அமைத்ததும் பந்து வைத்திருக்கும் கார்டு (பந்தை நடத்திச் செல்லும் வேகமான ஆட்டக்காரர்) அதைச் சுற்றிக்கொண்டு வருவார். சாதாரணமாக உயரமான சென்டர் அந்த இடத்தில் பின்வாங்கிக் கூடையைக் காப்பார். கார்டுக்கு எறிய இடம் கிடைத்துவிடும். ஹைன்ஸ் பின்வாங்காமல், ஆளை மாற்றிக்கொண்டு கார்டின் முன்னாலேயே தாழ்ந்து நின்று, அவருடன் பக்கவாட்டில் நகர்வார். ஐரோப்பாவின் வேகமான கார்டுகளை இப்படித் தனியாகத் தாங்கிய சென்டர்கள் அவர் காலத்தில் மிகச் சிலரே. உயரக் குறைவு அவருக்கு அங்கே வசதியாகவே அமைந்தது. கால்கள் வேகமாக நகர்ந்தன, இடுப்பு தாழ்ந்தே இருந்தது, நீண்ட கைகள் எறியும் பந்தை மறைத்தன. பின்னாளில் 6 அடி 6 அங்குல உயரமுள்ள டிரேமண்ட் கிரீனைச் சென்டராக நிறுத்திக் கோல்டன் ஸ்டேட் அணி வென்றபோது என்.பி.ஏ.வும் இதே வழிக்கு வந்தது. ஹைன்ஸை யாரும் டிராஃப்டில் அழைக்காத 2008-இல் அந்த மாற்றம் வந்திருக்கவில்லை.

ஏழடி ஆட்களோடு கட்டத்துக்குள் மோதும்போது அவர் எட்டிக் குதிப்பதை நம்பவில்லை. பந்து அவர்களிடம் வந்து சேரும் முன்பே, அவர்கள் நிற்க விரும்பும் இடத்திலிருந்து ஓரடி வெளியே தள்ளி நிறுத்திவிடுவார். அந்த ஓரடியில் எறியின் கோணம் கெட்டுவிடும். ரீபவுண்டிலும் அதே வேலைதான்: பந்தைப் பார்ப்பதற்கு முன் ஆளைத் தேடி முதுகால் அடைத்துக்கொள்வது.

உங்கள் மாணவனுக்கு நான் சொல்லும் பயிற்சி இது. வாரத்தில் இரண்டு மாலை அவனைப் பந்து இல்லாமல் அரைத் திடலில் கார்டுகளை மறித்து நகரச் சொல்லுங்கள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே நகர வேண்டும், அப்போதுதான் கால் பழகும். பிறகு கூடைக்கு அடியில், தன்னைவிட உயர்ந்தவனிடம் பந்து வருவதற்கு முன் அவனை இடம் பெயர்த்தால் ஒரு புள்ளி என்று கணக்கு வைத்து ஆடவிடுங்கள். பந்து கூடையில் விழுந்ததா இல்லையா என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

2012 இறுதி ஆட்டத்தின் காணொளி கிடைத்தால், கடைசிப் பன்னிரண்டு நிமிடங்களை அனைவருக்கும் போட்டுக் காட்டுங்கள். 19 புள்ளிகள் முன்னால் இருந்த அணி ஏன் புள்ளி எடுக்க முடியாமல் தவித்தது என்று கேளுங்கள். முதல் முறை அனைவரும் பந்தைத்தான் பார்ப்பார்கள். இரண்டாம் முறை போடும்போது பந்தை விட்டுவிட்டு ஒலிம்பியாகோஸ் தடுப்பாட்டக்காரர்களின் கால்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.